மண்ணுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்!

"வீட்டைச் சுற்றி ஒரு பிடி மண்கூடத் தெரியக் கூடாது. பெருக்கியே என் பாதி ஆயுசு போகிறது!"

2012-ம் வருஷம் இப்படிச் சொன்ன மகராசி வேறு யாருமில்லை, நானேதான். அன்றைக்குச் செய்த தப்பைத் திருத்திக்கொள்ள எங்களுக்குப் பத்து வருஷம் ஆயிற்று. புதிதாக வீடு கட்டுகிறவர்களும், பழைய வீட்டு வாசலைச் சீர் செய்ய நினைக்கிறவர்களும் என்னைப் போல் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாமே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமனார் கட்டியது. ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2400 சதுர அடி. வீடு 1100 சதுர அடி போக, மீதி 1300 சதுர அடி வெறும் மண். கொல்லையில் கிணறு, ஒரு வேம்பு, கறிவேப்பிலை. பக்கவாட்டில் ஒரு பவழமல்லி. விடிகாலையில் அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) அதன் அடியில் உட்கார்ந்து பூப் பொறுக்குவார். எனக்கோ மழை வந்தால் சேறு, வெயில் வந்தால் புழுதி, மற்ற நாளில் சருகு! கார் வேறு வாங்கியிருந்தோம். ஆகவே பவழமல்லியை வெட்டிவிட்டு, முன்பக்கமும் பக்கவாட்டிலும் பளபளவென்று டைல்ஸ், கொல்லையில் சிமெண்ட் தரை என்று ஒரே மாதத்தில் போட்டு முடித்தோம்.

"ஏம்மா, இப்படி மூடிட்டா மழைத் தண்ணி எங்கே போகும்?" என்று கேட்டார் அத்தை.

"தெருவுக்குப் போகும், அத்தை" என்றேன் நான்.

2015 டிசம்பர் மழையில், தெருவுக்கு அனுப்பிய தண்ணீர் ஊர்த் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து எங்கள் நிலைப்படி ஏறியது. 2019 கோடையில் நேர்மாறு. சென்னையே லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்த வருஷம் அது. எங்கள் கிணற்றில் வாளி தரை தட்டியது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. 2021 ஐப்பசியில் ஒரு தூறல் நாள், கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போன அத்தை டைல்ஸில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன், பல வாரம் கட்டில், பிறகு வாக்கர்.

அத்தை என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பவழமல்லி இருந்தா, நடந்து போய் உட்கார ஒரு இடமாவது இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது என் காதில் விழுந்தது. அன்று ராத்திரியே என் கணவரிடம், "என்னங்க, வாசலை உடைச்சிடலாம்" என்றேன்.

செடி வாங்கப் போகாதீர்கள்!

தோட்டம் என்றதும் நம்மில் பலர் முதலில் ஓடுவது நர்சரிக்குத்தான். பூத்துக் குலுங்குகிற பத்துத் தொட்டியை வாங்கி வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்போம். ஒரு மாதத்தில் பாதி போய்விடும். செடி கடைசி வேலை. முதல் வேலை பேப்பரும் பென்சிலும்.

என் பெண்ணின் கிராஃப் நோட்டில் ஒரு கட்டம் ஒரு அடி என்று வைத்துக்கொண்டு மனையை வரைந்தேன். வீடு, கிணறு, செப்டிக் டாங்க், கேட், தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், கரெண்ட் ஒயர் போகிற வழி எல்லாவற்றையும் குறித்தோம். குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் கடப்பாரையைப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, அந்த இடத்தில் யாருக்கு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல். துணி காய, வடாம் காய, கார் நிற்க, எல்லாவற்றுக்கும் மேலாக, வாக்கரோடு அத்தை பயமில்லாமல் நடக்க.

பிறகு மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது வெயில். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு என்று மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று நோட்டில் குறியுங்கள். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வீட்டின் வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழலாக இருக்கும். அதே இடத்தில் வைகாசி, ஆனியில் சுள்ளென்று வெயில் அடிக்கும். மல்லிகைக்கும் காய்கறிக்கும் தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். நல்ல மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். நான் அப்படிப் பார்த்தபோதுதான், எங்கள் தரையின் சாய்வு கேட்டைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து இருந்தது புரிந்தது. தரை எப்போதும் சுவரிலிருந்து வெளியே சாய வேண்டும். பத்து அடிக்கு இரண்டு அங்குலம் இறங்கினால் போதும்.

மூன்றாவது மண். ஒரு அடி ஆழம் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணியைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு அங்குலம்கூட இறங்காவிட்டால் களிமண் அதிகம் என்று அர்த்தம். அங்கே எருவும் மணலும் கலந்து மேட்டுப் பாத்தி போட வேண்டும். ஊற்ற ஊற்றக் குடித்துவிட்டால் மணல் பாங்கு. அதற்கு எருதான் மருந்து.

எவ்வளவு மூட வேண்டும்?

இதுதான் முக்கியமான கேள்வி. சிமெண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கால் படுகிற இடத்துக்கும் சக்கரம் படுகிற இடத்துக்கும் கெட்டித் தரை வேண்டும்தான். ஆனால் அது எவ்வளவு என்று கணக்குப் போட்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

காருக்கு முழுத் தரை எதற்கு? இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு அடி அகலத்தில், 16 அடி நீளத்தில் இரண்டு பட்டை போட்டால் 64 சதுர அடி. நடைபாதை 30 அடி நீளம், 3 அடி அகலம், ஆக 90. துணி துவைக்க ஆறுக்கு ஆறு, 36. மொத்தமே 190 சதுர அடி! நாங்கள் மூடி வைத்திருந்தது 1300.

மீதி 1100 சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. சென்னைப் பக்கம் ஒரு வருஷத்தின் சராசரி மழை சுமார் 140 சென்டிமீட்டர். அப்படியானால் ஒன்றே கால் லட்சம் லிட்டருக்கும் மேல்! அத்தனையும் கிணற்றுக்குப் போய்விடாது. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் செடி குடிக்கும். ஆனால் பத்து வருஷம் அதில் பெரும் பங்கைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, நான் லாரிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள் அல்லவா? அப்போது மாமனார் மொட்டை மாடித் தண்ணீர் இறங்க ஒரு குழி எடுத்திருந்தார். 2012-ல் தரை போட்டபோது அந்தக் குழியின் வாயையும் சேர்த்து நாங்கள் மூடியிருக்கிறோம். உடைத்தபோதுதான் தெரிந்தது! அதைச் சுத்தம் செய்து, அடியில் உடைந்த செங்கல்லும் பெரிய கல்லும், நடுவில் ஜல்லி, மேலே கரடு மணல் என்று மறுபடி நிரப்பினோம். இந்தக் குழி வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி இருக்கட்டும். செப்டிக் டாங்குக்குப் பக்கத்தில் கூடவே கூடாது.

எந்த இடத்துக்கு என்ன சாமான்?

கடைக்குப் போனால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். கையில் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு போங்கள். கல்லின் மேல் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் அது எத்தனை மலிவாக இருந்தாலும் வெளித் தரைக்கு வேண்டாம். எனக்கு இந்தப் பாடம் அத்தையின் இடுப்பெலும்பு விலைக்குக் கிடைத்தது.

பாலிஷ் டைல்ஸ்: வீட்டுக்குள்ளே இருக்கட்டும்.

பேவர் பிளாக்: பாதைக்கு நல்லது. மேல்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். கற்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும். குழாய் ரிப்பேர் என்றால் பெயர்த்துவிட்டு மறுபடி பதிக்கலாம். நடக்கிற இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம் போதும், கார் ஏறுகிற இடத்துக்கு 80.

செங்கல்: பார்க்க லட்சணம், காலுக்கும் குளிர்ச்சி. நன்றாக வெந்த கல்லாகப் பார்த்து எடுங்கள். இரண்டைத் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். ஆனால் நிழலில் பதித்தால் மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். வயதானவர்கள் நடக்கிற இடத்துக்கு இது சரிப்படாது. நான் பாத்திகளுக்குக் கரை கட்ட மட்டும் வைத்துக்கொண்டேன்.

கடப்பா கல்: பாலிஷ் போடாத பலகையாக வாங்குங்கள். துவைக்கிற இடத்துக்கு உகந்தது.

கூழாங்கல்: படத்தில் பார்க்க ஜோர். ஆனால் வாக்கரின் கால் அதில் புதையும், சருகு விழுந்தால் பொறுக்கி மாளாது. மாடியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஒரு அடி அகலத்துக்குப் போட்டால் மட்டும் பிரயோஜனம் உண்டு. சேறு தெறித்துச் சுவர் அழுக்காகாது.

புல்தரை: தினம் தண்ணீரும் வாரம் ஒரு வெட்டும் கேட்கும். கிணறு வற்றிய வீட்டுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டோம். செயற்கைப் புல்லோ வெயிலில் காலை வைக்க முடியாதபடி கொதிக்கும்.

பாதை போட்ட விதம்

பாதையில் கண்ணுக்குத் தெரிகிற கல்லைவிட, தெரியாமல் அடியில் இருப்பதுதான் முக்கியம். ஏழு அங்குலம் தோண்டி, அடி மண்ணைத் திமிசுக் கட்டையால் நன்றாக இடித்தோம். அதன் மேல் மூன்று அங்குலம் ஜல்லி, மறுபடி இடி. அதன் மேல் ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட் பரப்பி, பலகையால் மட்டம் இழுத்து, கல்லைப் பதித்தோம். இடுக்கில் மணலைப் பெருக்கித் தள்ளினால் கல் அசையாது. இரண்டு ஓரத்திலும் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சிமெண்ட் வைத்துக் கட்டினால்தான் பேவர் கல் பக்கவாட்டில் நகராது. அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கலாம் என்று வேலையாள் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு தண்ணீர் எப்படி இறங்கும்?

சாமான் கணக்கை நாமே போட்டுக்கொள்வது நல்லது. நீளம், அகலம், கனம் மூன்றையும் அடியில் பெருக்கினால் கன அடி. எங்கள் பாதைக்கு ஜல்லி 30 x 3 x கால் அடி, அதாவது இருபத்திரண்டரை கன அடி. மணல் அதில் பாதி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லோடு வந்ததும், கொட்டுவதற்கு முன்னால் வண்டியின் உள்பக்கத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். பாதி வண்டியை முழு யூனிட் என்று சொன்னால் நாம் ஏமாற வேண்டியதில்லை. உடைத்த சிமெண்ட் கட்டிகளை வெளியே அனுப்பாமல், இன்னும் சின்னதாக உடைத்துக் கார்ப் பட்டைக்கு அடியில் போட்டு இடித்தோம். அனுப்புகிற கூலியும் மிச்சம், ஜல்லியும் மிச்சம்.

வாசற்படி அரை அடி உயரம். படிக்குப் பதிலாக ஆறு அடி நீளத்துக்குச் சரிவு வைத்து, ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாய் நட்டோம். உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளம் சரிவு இருந்தால் வாக்கரும் ஏறும், சக்கர நாற்காலியும் ஏறும். பாதை முடிகிற இடத்தில் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கல் பெஞ்சு. அதைவிடத் தணிவாக இருந்தால் வயதானவர்களுக்கு எழுந்திருக்கச் சிரமம்.

மண்ணும் எருவும்

பத்து வருஷம் மூடிக் கிடந்த மண் செங்கல் மாதிரி இறுகியிருந்தது. ஒரு மண்புழுகூட இல்லை! பாத்தி இடத்தை ஒரு அடி ஆழம் கொத்தி, காரை, கல், கண்ணாடித் துண்டு எல்லாம் பொறுக்கினோம். மேலே மூன்று அங்குலக் கனத்துக்கு மட்கிய சாண எருவைப் பரப்பிக் கலந்துவிட்டோம். நன்றாக மட்கிய எரு கையில் எடுத்தால் உதிரும், நாற்றம் இருக்காது. பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் சூட்டில் வேர் கருகிவிடும். வேரைத் தின்கிற புழுவும் வரும்.

வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணைக் குவிக்காதீர்கள். ஓதம் ஏறும், கரையானும் ஏறும். ஒன்றரை அடியாவது தள்ளிப் பாத்தி போடுங்கள். பாத்தி மேல் சருகையும் தேங்காய் மட்டையையும் பரப்பினால் மண் சீக்கிரம் காயாது. நான் பத்து வருஷம் சபித்த சருகு இப்போது எனக்குச் சொத்து!

கடைசியில்தான் செடி

வேலை வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் குழாய் வேலை, பிறகு மரக் குழி, பிறகு பாதை, பிறகு பாத்தி, கடைசியில் செடி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா? ஆடியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் ஊன்றிவிடும்.

சின்ன மனைக்கு எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலை, நந்தியாவட்டை, செம்பருத்தி போதும். ஆல், அரசு வகையறாவை வீட்டோரம் முளைக்க விடக் கூடாது, வேர் சுவரைப் பிளந்துவிடும். முருங்கையைக் கூரைக்கும் ஒயருக்கும் தள்ளி வையுங்கள், காற்றுக்கு முறியும் மரம் அது. குளிக்கிற தண்ணீர் போகிற வழியில் கல்வாழையும் சேம்பும் வைத்தோம். எண்ணெய்ப் பிசுக்குள்ள சமையலறைத் தண்ணீரை மட்டும் அதில் விடுவதில்லை.

இரண்டு ஜாக்கிரதைகள். டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தொட்டியின் அடித்தட்டு, கொட்டாங்கச்சி, பழைய டயர் எல்லாவற்றையும் வாரம் ஒரு தரம் கவிழ்த்துவிடுங்கள். அடுத்து, அரளியின் எல்லாப் பாகமும் விஷம். சின்னக் குழந்தைகள் விளையாடுகிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

கிணறு நிறைந்ததா?

எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் வாசலைத் திறந்ததால் கிணறு ததும்புகிறது என்று எழுதினால் அது பொய். நிலத்தடித் தண்ணீர் ஊருக்கே பொது. எங்கள் தெருவில் இன்னும் எத்தனையோ வீடுகள் மூடித்தான் கிடக்கின்றன. ஆனால் மழை விட்ட அரை மணியில் எங்கள் வாசலில் தண்ணீர் நிற்பதில்லை. கொல்லைப் பக்கத்து அறை சித்திரையில்கூட முன்போல் கொதிப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து கிராஃப் நோட்டை இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஒவ்வொரு வீடாகத் திறந்தால் கிணறும் ஒரு நாள் பதில் சொல்லும்.

2022 ஆடியில் நட்ட பவழமல்லி மறு வருஷம் புரட்டாசியில் பூத்தது. அத்தையால் குனிந்து பொறுக்க முடியாது. அதனால் ராத்திரியே மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிடுவோம். விடிந்ததும் அத்தை வாக்கரைத் தள்ளிக்கொண்டு பாதை வழியே தானாகவே வந்து பெஞ்சில் உட்காருவார். என் பெண் வேட்டியின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து, பூவை அவர் மடியில் கொட்டுவாள்.

நான் பக்கத்தில் நின்று பெருக்கிக்கொண்டிருப்பேன். இப்போதெல்லாம் அது பாதி ஆயுசாகத் தெரியவில்லை.